தோண்டிப் பார்க்கும் கை

அன்புள்ள தங்கைக்கு,

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துத் தோட்டம் போடப் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் எழுந்துபோய் என் விதை டப்பாவைத் திறந்து பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

முதலில் தட்டைப்பயறு போடு. இரவு ஊறவைத்து விதைத்தால் மூன்று நான்கு நாளில் மண்ணைப் பிளந்துகொண்டு வந்துவிடும். கொத்தமல்லி முளைக்க 10 நாள்கூட ஆகும். ஐந்து வயசுப் பிள்ளைக்கு அது ஒரு வருஷம் மாதிரி. கீரை விதையை மணலோடு கலந்து தூவச் சொல், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொட்டிவிடுவார்கள். எறும்பு இழுக்கிற இடமென்றால் ஒரு பிடி ரவையும் சேர்த்துக்கொள். தண்ணீருக்கு ஆளுக்கு ஒரு கொட்டாங்குச்சி போதும். வாளியைக் கொடுத்தால் பாசத்திலேயே விதையை அழுகவைத்துவிடுவார்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. பாக்கெட் விதையில் இளஞ்சிவப்போ பச்சையோ சாயம் பூசியிருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சாண மருந்து. பிள்ளைகளைத் தொடவிடாதே. அந்த வயசில் கை எப்போது வாய்க்குப் போகும் என்று சொல்ல முடியாது.

இரண்டாம் நாளே ஒருத்தன் விதையைத் தோண்டிப் பார்ப்பான். கையைத் தட்டிவிடாதே. நானும் ஆரம்பத்தில் அதட்டியவள்தான். ஒருநாள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தேன். பையன் உள்ளங்கையில் பயறு. தோல் சுருங்கிக் கிழிந்து, ஓரத்தில் வெள்ளையாக ஒரு முனை. "டீச்சர், வாலு வருது" என்றான். வேர்தான் முதலில் வரும் என்று மூன்று நாளாகக் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருத்தருக்கும் ஏறவில்லை. அன்றிலிருந்து ஆளுக்கு ஐந்து விதை கொடுத்தேன். இரண்டு தோண்டிப் பார்க்க, மூன்று வளர.

செடி செத்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். இதில் நான் பட்டிருக்கிறேன். ஒரு சிறுமியின் வெண்டைக் கன்று திங்கட்கிழமை காலையில் வாடிக் கிடந்தது. அழுவாளே என்று அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவள் வருவதற்குள் வேறொன்றை நட்டுவைத்தேன். வந்தாள், குனிந்து பார்த்தாள். "இது என்னுது இல்ல டீச்சர். என்னுதுல ரெண்டாவது எலையில ஓட்டை இருக்கும்." சொல்லிவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். இன்றைக்கும் அந்தப் பார்வை மறக்கவில்லை.

உண்மையைச் சொன்னேன். இருவருமாகக் குப்பைக்குழியில் தேடி அந்தக் கன்றை எடுத்தோம். வேரெல்லாம் கடிபட்டிருந்தது. கன்று நின்ற குழியைக் கிளறினால், கொழுத்த வெள்ளைப் புழு ஒன்று சுருண்டு கிடக்கிறது. அழுதாள்தான். ஆனால் அன்று சாயங்காலம் வரை வகுப்பில் எல்லாரையும் கூட்டிப்போய்க் காட்டியவளும் அவள்தான். அதே குழியில் மறுபடி விதை போட்டாள். 45 நாள் கழித்து மூன்று காய் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள்.

ஆடிப்பட்டத்துக்கு இன்னும் நாளிருக்கிறது. சாம்பலில் புரட்டிவைத்த வெண்டை விதை என்னிடம் நிறைய உண்டு. எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் எழுது, ஆளுக்கு ஐந்தாக எண்ணிவைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா