கடைப் பூனைக்கு என்ன தீனி? – சிக்கனமும் சத்தும் சேர்ந்த ஒரு கணக்கு

பலசரக்குக் கடைக்கும் பூனைக்கும் உள்ள உறவு, தராசுக்கும் படிக்கல்லுக்கும் உள்ள உறவைப் போன்றது. ஒன்றில்லாமல் மற்றொன்றைப் பார்ப்பது அரிது. ஆனால் கடையில் வேலை பார்ப்போருக்கெல்லாம் கணக்கு எழுதும் நாம், பூனையின் சாப்பாட்டை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. மீந்த சோற்றில் கொஞ்சம் பாலை ஊற்றி மூலையில் வைத்துவிடுகிறோம். அது முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தால், "இந்தப் பூனைக்கு வாய்க் கொழுப்பு" என்று சொல்லிவிடுகிறோம். அது வாய்க் கொழுப்புதானா, அல்லது நாம் போடும் தீனியில்தான் குறையா என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. உளுந்து, பாசிப்பயறு, மல்லி, கம்பு, குதிரைவாலி, மக்காச்சோளம் என்று விளைவதெல்லாம் மழையை நம்பித்தான். அறுவடை முடிந்து காடு வெறிச்சோடியதும் எலிகள் வீட்டையும் கிட்டங்கியையும் தேடி வருகின்றன. ஓர் எலி நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம் தானியம் தின்னும். ஆண்டுக்கு அது 9 கிலோவுக்கு மேல். பத்து எலிகள் இருந்தால் ஒரு குவிண்டாலை நெருங்கிவிடும். தின்பதைவிடச் சிறுநீராலும் புழுக்கையாலும் கெடுப்பது அதிகம். சாக்கைக் கடித்துச் சிந்துவது தனி. ஆகவே பூனையின் உடல்நலம் நமக்குச் சரக்கு நலமும் ஆகும்.

பட்டினி போட்டால் எலி பிடிக்குமா?

1868-ஆம் ஆண்டு லண்டன் அஞ்சல் துறையின் மணியார்டர் அலுவலகத்தில் எலித் தொல்லை மிகுந்தது. மூன்று பூனைகளை வைத்துக்கொள்ளவும், அவற்றின் உணவுக்கு வாரம் இரண்டு ஷில்லிங் தரவும் அனுமதி கேட்டார்கள். மேலிடம் ஒரு ஷில்லிங்தான் தந்தது. மீதியைப் பூனைகள் எலி பிடித்துச் சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. நம்மில் பலர் இன்றும் போடுவது இதே கணக்குத்தான்.

இக்கணக்கு முழுச் சரியன்று. 1976-இல் அடாமெக் என்ற ஆய்வாளர், பிடித்தமான உணவைத் தின்றுகொண்டிருந்த பூனைகளின் முன் எலியை விட்டுப் பார்த்தார். அவை உணவை அப்படியே விட்டு எலியைக் கொன்றன. பிறகு எலியை உணவுத் தட்டருகே இழுத்துவந்து போட்டுவிட்டு, பழைய உணவையே தொடர்ந்து தின்றன. வேட்டை என்பது பூனையின் குணம். பசி அதைச் சற்றுக் கூட்டலாம். ஆனால் வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். பட்டினிப் பூனையோ மெலிந்து, நோயுற்று, தீனி கிடைக்கும் அடுத்த தெருவுக்குப் போய்விடும். ஒரு சுண்டெலியில் கிடைப்பது ஏறக்குறைய 30 கலோரி. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 240 கலோரி வேண்டும். அதாவது தினமும் ஏழெட்டுச் சுண்டெலி. அவ்வளவு எலி நம் கிட்டங்கியில் நிரந்தரமாக இருந்தால் நாம் கடையை மூட வேண்டியதுதான்!

பூனையின் நாக்கும் உடம்பும்

பூனை பிறவியிலேயே ஊன் உண்ணி. அதன் நாக்குக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் மரபணு பூனை இனத்தில் பழுதுபட்டுக் கிடப்பதை 2005-இல் அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தார் கண்டறிந்தனர். பூனைக்குப் புரதமும் கொழுப்புமே ருசி. எனவே வெறும் சோற்றைக் கண்டு அது முகம் திருப்புவது பிடிவாதம் அன்று.

முக்கியமான செய்தி ஒன்று உண்டு. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு தனக்குத் தேவையான அளவு செய்துகொள்ளாது. இறைச்சி, மீன் வழியாகத்தான் அது சேர வேண்டும். டாரின் குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்று 1975-இல் தெரியவந்தது. இதயம் வீங்கித் தளர்ந்து பூனை இறந்துபோகவும் அதுவே காரணம் என்று 1987-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் காட்டினர். அரிசியிலும் பருப்பிலும் காய்கறியிலும் டாரின் இல்லை எனலாம். பாலில் இருப்பதும் மிகக் குறைவு. காய்கறியிலிருந்து வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும் திறனும் பூனைக்கு இல்லை. பால்சோறு மட்டும் தின்று வளரும் பூனை உள்ளுக்குள் தேய்ந்துகொண்டே வரும். கண் மங்கிய பூனை இருட்டில் எலியை எப்படிப் பிடிக்கும்?

பால் கணக்கு

குட்டிப் பருவம் கடந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை செரிப்பதில்லை. கழிச்சல் காண்பது அதனால்தான். காலையும் மாலையும் 100 மில்லி என்றால் மாதம் 6 லிட்டர் பால் செலவாகிறது. இந்தச் செலவை நாம் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம். அதைத் திசை மாற்றினாலே போதும்.

4 கிலோ பூனைக்கு நாள்தோறும் 15 கிராமுக்குக் குறையாமல் புரதம் சேர்வது நல்லது. எதில் எவ்வளவு என்று பார்ப்போம்:

200 மில்லி பால் – சுமார் 6 கிராம்.
100 கிராம் சோறு – இரண்டரை கிராம்.
ஒரு முட்டை – 6 கிராம்.
100 கிராம் கோழி இறைச்சி – 18 முதல் 20 கிராம்.
நன்கு காய்ந்த நெத்திலிக் கருவாடு – எடையில் பாதிக்கு மேல்.

அன்றைய சந்தை விலையை இவற்றோடு வைத்து, ஒரு கிராம் புரதம் என்ன விலை விழுகிறது என்று போட்டுப் பாருங்கள். கொள்முதல் கணக்குப் போடத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையன்று. கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் உறுப்புகள் பெரும்பாலும் பாலை வென்றுவிடும்.

நம் ஊரில் கிடைக்கும் மலிவான தீனி

1. கோழி இதயம், கழுத்துச் சதை: வாடிக்கையான கோழிக்கடையில் சொல்லி வைத்தால் மலிவாகக் கிடைக்கும். இதயத்தில் டாரின் அதிகம். கொஞ்சம் நீரில் வேகவைத்து, வெந்த நீரையும் சேர்த்தே ஊற்றுங்கள். டாரின் நீரில் கரைந்துவிடும். அந்த நீரைக் கொட்டினால் சத்தும் போய்விடும். வெந்த எலும்பு பிளந்து குத்தும், நீக்கிவிட வேண்டும்.

2. ஈரல்: பூனைக்கு உயிர். ஆனால் வாரம் ஓரிரு முறை, கட்டைவிரல் அளவு போதும். தினமும் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து எலும்பு மூட்டுகள் இறுகிப்போகும்.

3. சாளை, நெத்திலி: கடல் நமக்குத் தொலைவு என்றாலும் சந்தைக்கு வந்துவிடுகிறது. சில மீன்களைப் பச்சையாகப் போட்டால் தயமின் என்ற பி1 வைட்டமின் அழியும். எனவே அவித்தே போட வேண்டும். நெத்திலியின் மெல்லிய முள்ளோடு போட்டால் சுண்ணாம்புச் சத்தும் சேரும்.

4. கருவாடு: உப்புத்தான் இதில் குறை. இருமுறை நீர் மாற்றி ஊறவைத்து, அவித்து, சோற்றில் பிசைந்து போடலாம். உப்போடு டாரினும் ஓரளவு கரைந்துபோவதால் கருவாட்டை மட்டுமே நம்பக் கூடாது. மணத்துக்காகச் சேர்ப்பது சரி.

5. முட்டை: வேகவைத்தே தர வேண்டும். டாரின் இதில் குறைவு. ஆகவே துணை உணவாக மட்டும்.

வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. ஆகவே மீன் குழம்பு, கறிக் குழம்பு மிச்சத்தைப் போடாதீர்கள். நம் கறிகளில் வெங்காயம் இல்லாதது எது? பூனைக்குரியதை மசாலா சேர்க்கும் முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும்.

பொட்டலத் தீனியா, வீட்டுத் தீனியா?

பொட்டலத்தில் வரும் உலர் தீனியை 4 கிலோ பூனை நாளொன்றுக்குச் சுமார் 60 கிராம் தின்னும். ஒரு கிலோ 16 நாள் வரும். அதை மட்டுமே போடுவது சிறுகடைக்காரருக்குச் சுமையாகலாம். வீட்டுத் தீனியை மட்டும் போட்டால் ஏதாவதொரு சத்து விட்டுப்போகலாம். ஆகவே பாதிக்குப் பாதி என்பதே நாம் சொல்லும் வழி: காலையில் உலர் தீனி 30 கிராம், மாலையில் அவித்த மீனோ கோழியோ 60 கிராம், ஒரு கரண்டி சோற்றோடு. இப்படிச் செய்தால் ஒரு கிலோ பொட்டலம் ஒரு மாதம் தாண்டும்.

வாங்கும்போதும் விற்கும்போதும் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். வளர்ந்த பூனைக்கு, ஈரம் நீக்கிய எடையில் புரதம் 26 விழுக்காட்டுக்கும், உலர் தீனியில் டாரின் 0.1 விழுக்காட்டுக்கும் குறையக் கூடாது என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் அளவு. நாய்க்கு அந்த அளவில் 18 விழுக்காடு புரதம் போதும், டாரின் கட்டாயமில்லை. எனவே நாய்த் தீனியைப் பூனைக்குத் தள்ளிவிடுவது தவறு. மூட்டையைப் பிரித்துச் சில்லரையில் விற்போர் காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். கொழுப்பு சிக்கடித்தால் பூனை தொடாது; வாடிக்கையாளரும் மறுமுறை வரமாட்டார்.

சைவ வீடுகளில் மீனும் கறியும் நுழையாது. அவர்களுக்கு வழி, டாரின் சேர்த்த பொட்டலத் தீனிதான். தயிர்சோற்றிலேயே பூனையை வளர்த்துவிடலாம் என்ற எண்ணம் அதன் கண்ணையும் இதயத்தையும் விலையாகக் கேட்கும்.

முகம் திருப்பும் பூனையைப் பழக்குவது

தெனாலிராமன் கதை நாம் அறிந்ததே. எலித் தொல்லை நீங்க ஆளுக்கொரு பூனையும், அதற்குப் பால் தர ஒரு பசுவும் அரசர் தந்தார். ராமன் கொதிக்கும் பாலை ஒருமுறை வைத்தான். வாய் வெந்த பூனை பிறகு பாலைக் கண்டாலே ஓடியது. கதை வேடிக்கையானாலும் அதில் உண்மை உண்டு. ஒரு தீனியால் ஒருமுறை துன்பப்பட்ட பூனை அதை மறக்காது.

ஆகவே புதிய தீனியை ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் மூன்று நாள் பழையது முக்கால், புதியது கால். அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பாதி. பிறகு புதியது முக்கால். பத்து நாளில் மாறிவிடும். ஆறிப்போன தீனியில் மணம் எழாது. கைப்பொறுக்கும் வெதுவெதுப்பில் வைத்தால் பாதிப் பூனைகள் வழிக்கு வந்துவிடும். நுணுக்கிய கருவாட்டுத் தூள் ஒரு சிட்டிகை மேலே தூவலாம். ஒரே நேரத்தில் கொட்டாமல் மூன்று நான்கு தரமாகப் பிரித்து வைப்பது அதன் இயல்புக்கு ஒத்தது.

"பசித்தால் தானே தின்னும்" என்று விட்டுவிடக் கூடாது. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாவிட்டால் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். வழக்கமாகத் தின்னும் பூனை திடீரென மறுத்தால் பல், வாய்ப்புண், காய்ச்சல் என்று ஏதோ இருக்கிறது. கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியும், மருத்துவர் சொல்லும் காலத்தில் குடற்புழு மருந்தும் தீனிச் செலவை வீணாக்காமல் காக்கும்.

தண்ணீரும் விஷமும்

எலியின் உடம்பில் பெரும்பகுதி நீர். உலர் தீனியிலோ பத்தில் ஒரு பங்குதான். பூனை இயல்பாகவே குறைவாகக் குடிக்கும். நம் கோடையில் நீரும் குறைந்தால் சிறுநீர்ப் பாதையில் கல் கட்டும். கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முக்கிக்கொண்டு நின்றால் அன்றே மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும். ஒருநாள் தாமதமும் உயிரைப் பறிக்கும். வாயகன்ற மண் சட்டியில் நிழலில் தண்ணீர் வைத்து, தினமும் மாற்றுங்கள். உலர் தீனியிலும் வெந்நீர் தெளிக்கலாம்.

பூனை வளர்க்கும் இடத்தில் எலி விஷம் வைக்கவே கூடாது. புரோமடியோலோன் கலந்த எலியைத் தின்ற பூனைக்கு உள்ளுக்குள் இரத்தம் கசியும். ஒரு கையால் தீனி போட்டு மறு கையால் விஷம் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. வேண்டுமானால் எலிப்பொறி வையுங்கள்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணை, உணவுப் பொருள் வளாகத்துக்குள் விலங்குகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் விடக் கூடாது என்கிறது. ஆகவே மூட்டைகள் நடுவிலும் கல்லாப்பெட்டி மேலும் பூனைக்கு இடமில்லை. தீனித் தட்டும் தண்ணீரும் கொல்லைப்புறத்திலோ கிட்டங்கிக்கு வெளியிலோ இருக்கட்டும். எலி வருகிற வழியும் அதுதான்.

பூனை எல்லா எலியையும் ஒழித்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2018-இல் வெளியான நியூயார்க் ஆய்வொன்றில், 79 நாட்களில் பூனைகள் பெரிய எலிகளில் இரண்டைத்தான் கொன்றது பதிவாயிற்று. பெருச்சாளியிடம் எந்தப் பூனையும் எளிதில் போகாது. சுண்டெலிக்குப் பூனை, பெரிய எலிக்குப் பொறி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சுவர்ப் பொந்துகளைச் சிமெண்டால் அடைப்பதும், மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் பலகை மேல் அடுக்குவதும் நம் வேலை.

நாளை காலை பாலை ஊற்றும் முன் ஒருமுறை யோசியுங்கள். அதே காசில் கொஞ்சம் கோழி இதயமோ, ஒரு பிடி நெத்திலியோ வாங்கலாம். கடைக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் ஜீவனுக்கு உரிய கூலியை உரிய சரக்காகக் கொடுப்போம்.