பேரலையும் துடுப்புப் பிடித்த கைகளும்

கொல்லயில் ஊருக்குத் தென்மேற்கே உள்ள பூவார், பொழியூர்க் கடற்கரைகளில் மீனவர் வரிசையாக நின்று கரைமடி வலை இழுப்பர். கடல் காண வருவோர் அலையைப் பார்த்து மகிழ்வர். வலைக்கயிற்றைப் பற்றிய கைகளைப் பலரும் பார்ப்பதில்லை. உலகப் புகழ் பெற்ற ஓர் ஓவியத்தைக் காண்போரும் இவ்வாறே செய்கின்றனர்.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் (1760–1849), 1831ஆம் ஆண்டளவில் ‘கனகாவாப் பேரலை’ என்னும் படத்தைப் படைத்தார். வானளாவ எழும் நீல அலையும், தொலைவில் சிறிதாகத் தெரியும் ஃபூஜி மலையும் முதலில் கண்ணைக் கவரும். அலையின் அடியிலோ மூன்று நீண்ட படகுகள் உள்ளன. எடோ நகரச் சந்தைக்குப் புதுமீன் கொண்டுசெல்லும் விரைவுப் படகுகள் அவை. எடோவே இன்றைய டோக்கியோ. துடுப்பு வலிப்போர் அஞ்சித் தாவாமல், குனிந்து படகைப் பற்றியுள்ளனர்.

இது மரப்பலகை கொண்டு அச்சிட்ட படம். ஓவியர் மெல்லிய தாளில் வரைந்ததைச் செதுக்குபவர் செர்ரி மரப்பலகையில் ஒட்டி, கோடுகள் மேலெழுந்து நிற்குமாறு செதுக்குவார். அப்போது மூல ஓவியம் அழிந்துவிடும். வண்ணங்களுக்குத் தனித்தனிப் பலகைகள் உண்டு. அச்சிடுபவர் பலகையில் வண்ணம் பூசி, தாளை அதன்மேல் வைத்துக் கையால் அழுத்தித் தேய்ப்பார்.

படத்தில் ஓவியரின் பெயர் உள்ளது. செதுக்கியவர், அச்சிட்டவர் பெயர்கள் இல்லை. படகில் இருப்போரைப் போலவே அவர்களும் பெயர் தெரியாத உழைப்பாளரே.

சொற்பொருள்: கரைமடி – கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை.

எழுதுக: உங்கள் வீட்டில் உழைப்பவர் ஒருவரின் கைகள் செய்யும் தொழிலை ஐந்து தொடர்களில் எழுதுக. அவர் பெயரையே தலைப்பாக இடுக.