இருளில் ஒரு சித்திரம்

பாலகாட்டில் வாழும் என் பாட்டனார், 2001-இல் மூடப்பட்ட தங்கவயல் சுரங்கத்தில் உழைத்தவர். உள்ளே விளக்கு அணைந்தால், சுவரைத் தடவியே வளைவையும் இறக்கத்தையும் அறிவாராம். இன்று முதுமையில் அவர் பார்வை போய்விட்டது. "விழுந்துவிடுவீர்கள்" என்று நாங்கள் அவரை நாற்காலியிலேயே இருத்திவிட்டோம்.

கண் போனால் இடவுணர்வும் போய்விடுமா? சாந்திநிகேதனத்து ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி 1957-இல் பார்வையை முற்றிலும் இழந்தார். வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டிப் படம் சமைத்தார். 1972-இல் கலாபவனத்தில் ஓடுகளாலான பெரும் சுவர்ச்சித்திரமே அமைத்தார்!

பழைய நினைவு அவருக்குத் துணை நின்றது என்பீர்கள். சரி, துருக்கிய ஓவியர் எஷ்ரஃப் அர்மகான் பிறவியிலேயே பார்வையற்றவர். அவரோ தொலைவில் குறுகிச் செல்லும் கோடுகளையும் வரைகிறார். பொருளைத் தடவியறிந்து அவர் வரைகையில், தலையின் பின்புறத்திலுள்ள காட்சிப் பகுதி கிளர்ச்சியுறுவதை ஹார்வர்டு ஆய்வாளர்கள் கண்டு 2008-இல் வெளியிட்டனர். கண்ணிலிருந்து செய்தி வராவிடினும் மூளை அவ்விடத்தைத் தரிசாக விடுவதில்லை. விரல் கொணரும் செய்திக்குக் கொடுத்துவிடுகிறது.

வண்ணத்தின் கதை வேறு. வடிவத்திற்குக் கண், கை என இரு வாயில்கள்; வண்ணத்திற்கோ கண் ஒன்றே. ஆகவே எப்பொருளுக்கு எந்நிறம் என்பதை அர்மகான் பிறரைக் கேட்டே அறிந்தார். விரலால் ஒரு வண்ணம் பூசி, அது உலர்ந்த பின்னரே மறு வண்ணத்தைத் தொடுவார்.

வரும் விடுமுறையில் பாட்டனாரிடம் தாளும் கரிக்கோலும் கொடுத்து, அவர் நடந்த சுரங்கப் பாதையை வரையச் சொல்லப்போகிறேன்.