கணிப்பான் இல்லாத மண்டபம்

இலங்கையில் உயர்தரப் பரீட்சைக்குப் பௌதிகவியல் எழுதப் போகிறவர் கணிப்பானை வீட்டில் விட்டுவிட்டுத்தான் புறப்பட வேண்டும். பல நாடுகளில் இதே தரத்துப் பிள்ளைகள் அதை மேசையில் வைத்துக்கொண்டே எழுதுகிறார்கள். இங்கே வினாத்தாளின் முகப்பிலேயே தடை அச்சாகியிருக்கும். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்துக்கொள் என்ற சலுகையும் அங்கேயே இருக்கும்.

புதிதாக வருபவர்களுக்கு இது தண்டனையாகத் தெரியும். எழுதிக் கடந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. எப்படிப் படிக்க வேண்டும் என்பதைத் தங்களுக்குக் காட்டிக்கொடுத்ததே அந்தத் தடைதான் என்பார்கள். இதை எழுதுபவரும் அந்தக் கட்சிதான்.

பூமியின் ஈர்ப்பை விட்டு ஒரு பொருள் தப்பிப் போக என்ன வேகம் வேண்டும் என்ற பழைய கணக்கைப் பாருங்கள். அவசரக்காரர் ஈர்ப்பு மாறிலியையும் பூமியின் திணிவையும் பத்தின் அடுக்குகளோடு முதல் வரியிலேயே பிரதியிட்டுவிடுவார். பிறகு 6.67ஐ 6ஆல் பெருக்கி, 6.4ஆல் வகுத்து, வர்க்கமூலமும் எடுத்தாக வேண்டும். அரைப் பக்கம் அதிலேயே போய்விடும். பொறுமைசாலி கடைசிவரை குறியீடுகளோடு நடப்பார். மாறிலியும் திணிவும் பெருக்கமாகச் சேர்ந்து வரும் இடத்தில், தரைமட்ட ஆர்முடுகலை ஆரையின் வர்க்கத்தால் பெருக்கிப் போடலாம் என்பது அவருக்கு நினைவு வரும். மிஞ்சுவது 2, ஆர்முடுகல், ஆரை ஆகிய மூன்றின் பெருக்கம், அதற்கு வர்க்கமூலம். 2 × 10 × 64,00,000 என்பது 12.8 கோடி. அதாவது 1.28ஐப் பத்தின் எட்டாம் அடுக்கால் பெருக்கியது. 1.28 என்பது 0.64இன் இருமடங்கு. 0.64இன் மூலம் 0.8, 2இன் மூலம் 1.41. விடை செக்கனுக்கு ஏறக்குறைய 11.3 கிலோமீற்றர். உண்மைப் பெறுமானம் 11.2. ஒரு வரி பெருக்கலுக்கு இது மோசமில்லை.

கணிப்பான் இல்லை என்பது வினா அமைப்பவருக்கும் தெரியும். ஆகவே எண்கள் பெரும்பாலும் சுருங்கிக்கொடுக்கும். தசமங்கள் நீண்டுகொண்டே போனால் பெருக்கலைத் தொடராமல், மேலே போய்ச் சமன்பாட்டைப் பார்ப்பது நல்லது.

முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்கள், நேரம் 2 மணித்தியாலம். ஒன்றுக்கு 2 நிமிடம் 24 செக்கன் விழும். இங்கே கைகொடுப்பது விகிதம். ஒரே அளவான 8 மழைத்துளிகள் ஒன்றுசேர்ந்து ஒரு துளியானால் அதன் முடிவு வேகம் எத்தனை மடங்காகும்? கனவளவு 8 மடங்கு, ஆகவே ஆரை 2 மடங்கு. ஸ்ரோக்சின் விதிப்படி முடிவு வேகம் ஆரையின் வர்க்கத்துக்கு நேர்விகிதம், ஆகவே 4 மடங்கு. காற்றின் பிசுக்குமை, நீரின் அடர்த்தி எதுவும் தேவைப்படவில்லை. இப்படிப் பழகியவருக்குப் பாஸ் பேப்பரில் பாதிக் கணக்குகள் ஓரத்திலேயே முடிந்துவிடும்.

ரியூசன் கொட்டகைகளில் கிடைக்காத ஒன்று உண்டு. அது செய்முறை. இரண்டாம் வினாத்தாளின் முதற்பகுதியில் உள்ள 4 அமைப்புக் கட்டுரை வினாக்களும் கட்டாயம். ஆய்வுகூடத்தில் கருவியைத் தொட்டவருக்கும் படத்தில் மட்டும் பார்த்தவருக்கும் இடையிலான இடைவெளி அங்கேதான் தெரியும். பரிவுக் குழாயை நீருக்குள் முழுதாக அமிழ்த்திவிட்டு ஏன் மெல்ல மெல்ல உயர்த்த வேண்டும் என்று கேட்டால், முதலாவது பரிவைத் தவறவிடாமல் இருக்க என்பது ஒருமுறை தவறவிட்டவருக்கு உடனே வரும். 512 ஹேர்ட்ஸ் இசைக்கவரோடு யாழ்ப்பாணத்து வெயிலில் செய்து பார்த்தால் முதற்பரிவு 16 சென்ரிமீற்றரை அண்டியும் அடுத்தது 50ஐ அண்டியும் கேட்கும். வித்தியாசத்தை எடுத்தால் முனைத் திருத்தம் தானாகவே கழிந்துபோகும். 34 என்பது அரை அலைநீளம், முழுதும் 68. அதை 512ஆல் பெருக்கினால் ஒலியின் வேகம் செக்கனுக்கு 348 மீற்றர். புத்தகத்தில் 340 என்று இருக்கிறதே எனப் பதறி, வாசிப்பை அழித்துத் 'திருத்தி' எழுதும் பிள்ளைகளை ஆசிரியர்கள் வருடாவருடம் காண்கிறார்கள். 30 பாகை செல்சியசில் வளியில் ஒலி 349 மீற்றர் வேகத்தில்தான் போகும். பிழை அளவீட்டில் இல்லை.

மற்ஸ்காரருக்கும் பயோகாரருக்கும் வினாத்தாள் ஒன்றுதான். இணைந்த கணிதம் படிக்காத பயோ மாணவருக்கு இதில் ஒரு பயம் இருக்கும். வகையீடும் தொகையீடும் இந்தத் தாளுக்குத் தேவையில்லை என்பதை அவர் முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டால் போதும். அவருக்கு வேண்டியது வரைபு. மின்கலத்தின் அழுத்த வித்தியாசத்தை மின்னோட்டத்துக்கு எதிரே குறித்தால், வெட்டுத்துண்டு மின்னியக்க விசையையும் படித்திறனின் பருமன் அகத்தடையையும் தரும் என்பதைக் கையால் வரைந்து பழக வேண்டும்.

கட்டுரைப் பகுதியில் 6இல் 4ஐத் தெரிவுசெய்ய வேண்டும். 9ஆம் வினாவில் வழக்கமாக மின்னோட்டம் அல்லது இலத்திரனியல் என்று தெரிவு இருக்கும். பாடத்திட்டத்தின் வாலில் வருவதால் இலத்திரனியலைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. சிலிக்கன் திரான்சிற்றருக்கு 0.7 வோல்ற்று, ஓமின் விதி, இரண்டு மூன்று தர்க்கப் படலைகள் என்று அங்கே பெருக்கல் மிகக் குறைவு. இரண்டு கிழமை ஒதுக்கிப் படித்து வைப்பவர், மேலதிகமாகத் தரப்படும் 10 நிமிட வாசிப்பு நேரத்தில் இரண்டு தெரிவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். படிக்காதவருக்கு அங்கே ஒரு தெரிவுதான்.