கம்ப்யூட்டர் மிரட்டினால் பயப்படாதீங்க!



பிள்ளைகள் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டரில் திடீர்னு திரை முழுக்க சிவப்பாகி, "வைரஸ் வந்துவிட்டது, உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று அலறும். உண்மையான விண்டோஸ் எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. நம்பர் இருந்தாலே அது ஏமாற்று வேலைதான்.

நாம் செய்ய வேண்டியவை:

1. அந்த எண்ணுக்குப் பேசாதீங்க. பேசினால், "சரிசெய்கிறோம்" என்று ஒரு ஆப்பை ஏற்றச் சொல்லி, நம் கம்ப்யூட்டரையே அவர்கள் கைக்கு எடுத்துக்கொள்வார்கள். ஓ.டி.பி. சொன்னால் சேமிப்பும் போய்விடும்.

2. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கத்தைக் கேட்டால் வேண்டாம்னு விடுங்கள்.

3. திரை மூலையில் அடிக்கடி எச்சரிக்கை வந்தால், பிரவுசர் செட்டிங்ஸில் 'நோட்டிபிகேஷன்' பகுதியில் தெரியாத தளங்களை நீக்குங்கள்.

4. பிறகு கம்ப்யூட்டரிலேயே இருக்கும் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் ஸ்கேன் செய்யுங்கள். இதற்குக் காசு கிடையாது.

பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீங்க. உடனே 1930க்குப் பேசுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுவோம்!