பதில் தெரியும், நேரம்தான் போதவில்லை

எட்டாம் வகுப்புப் பையன். வாயால் கேட்டால் அறிவியல் பாடத்தை ஆசிரியரே அசரும்படி விளக்குவான். அதே பாடத்தின் விடைத்தாளில் கடைசி இரண்டு கேள்விகள் தொடப்படாமல் இருக்கும். கேட்டால், "டைம் பத்தலம்மா." வீட்டில் அவனுக்குச் சோம்பேறிப் பட்டம். பள்ளியில் "கெட்டிக்காரன், ஆனால் அக்கறை இல்லை" என்று ரிப்போர்ட் கார்டில் ஒரு வரி.

இப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு ஏடிஹெச்டி என்னும் கவனக் குறைபாடு இருக்கும். ஓடியாடி வகுப்பைக் கலைக்கும் பிள்ளையைப் பள்ளியே கண்டுபிடித்துவிடுகிறது. அமைதியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் புத்திசாலிப் பிள்ளையை, அதிலும் பெண் பிள்ளையை, யாரும் கவனிப்பதில்லை. ஆரம்ப வகுப்புகளில் ஒருமுறை காதில் விழுந்ததை வைத்தே மதிப்பெண் வாங்கிவிட முடியும். நோட்ஸ் எடுப்பதும் ஐந்து மதிப்பெண் விடைகளும் குவியத் தொடங்கும் வகுப்புகளில்தான் சாயம் வெளுக்கும்.

முதல் வேலை: நேரம் எங்கே போகிறது?

பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த, ஒரே அளவு கடினமுள்ள இருபது கணக்குகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொன்றும் முடியும்போது போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தள்ளியே உட்காருங்கள். ஆள் ஒட்டி உட்கார்ந்தாலே இந்தப் பிள்ளைகள் நன்றாகச் செய்துவிடுவார்கள், உங்களுக்கு உண்மை தெரியாமல் போய்விடும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று வாய் திறக்கக் கூடாது.

இப்போது மொத்த நேரத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு கணக்குக்கும் ஆன நேரத்தைப் பாருங்கள். எல்லாக் கணக்கும் ஒரே சீராக மெதுவாக நகர்ந்திருந்தால் கை, கண், எழுத்து இவற்றில் ஏதோ தடை இருக்கலாம். பெரும்பாலான கணக்குகள் சட்டென்று முடிந்து, இடையில் மூன்று நான்கு மட்டும் இழுத்திருந்தால் கதை வேறு. ஏடிஹெச்டி உள்ளவர்களிடம் எதிர்வினை நேரத்தை அளந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது இதைத்தான்: ஒவ்வொரு பதிலும் தாமதமாக வருவதில்லை; இடையிடையே மனம் நழுவும் சில நீண்ட இடைவெளிகள்தான் சராசரி நேரத்தை நீட்டிவிடுகின்றன. "மெதுவான பிள்ளை" என்பதைவிட "சீரில்லாத வேகம்" என்பதே பொருத்தமான பெயர்.

இன்னொரு நாள் அதே மாதிரித் தாளைக் கொடுத்து, அவனை வாயால் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். வேகம் கணிசமாகக் கூடினால் எழுதுவதுதான் சுமை. அடித்து அடித்துத் திருத்தியே நேரத்தைத் தீர்க்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் இருப்பது பயமாகவோ, எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதமாகவோ இருக்கலாம். இது எதுவும் நோயறிதல் இல்லை. டாக்டரிடம் "எப்பவுமே ஸ்லோ டாக்டர்" என்று மட்டும் சொல்வதற்குப் பதில், கையில் ஒரு சான்றோடு போகிறீர்கள், அவ்வளவுதான்.

போகும் வழியில் எளிய காரணங்களையும் தீர்த்துவிடுங்கள்: கண், காது, தூக்கம், ரத்தசோகை, தைராய்டு. நடுவில் சில நொடிகள் வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாமல் இருந்தால் அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கக்கூடும்; நரம்பியல் மருத்துவரை முதலில் பார்க்க வேண்டும்.

மதிப்பீட்டுக்குப் போகும்போது

ஏடிஹெச்டியை எந்த ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சொல்லாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, கவனக்குறைவுக்கான ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஐந்து போதும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்குள் சில அறிகுறிகளாவது தெரிந்திருக்க வேண்டும், வீடு பள்ளி என இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். குழந்தை மனநல மருத்துவர் இந்த மதிப்பீட்டைச் செய்வார். பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அறிவுத்திறன் சோதனையை வெளியில் எடுப்பதானால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய ரிப்போர்ட் கார்டுகளை எடுத்துப் போங்கள். அதைவிட முக்கியமாக, அந்த மதிப்பெண்ணுக்கு வீட்டில் என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்லுங்கள். 88 வாங்கினான் என்றால் கேட்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். அம்மா தினமும் இரவு பதினொரு மணிவரை பக்கத்தில் உட்கார்ந்து வாங்க வைத்த 88 என்பது எந்த அட்டையிலும் இருக்காது.

அறிக்கையில் எதைப் பார்ப்பது?

பலரும் மொத்த ஐ.க்யூ. எண்ணைப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடிவிடுகிறார்கள். குழந்தைகளுக்கான வெக்ஸ்லர் அறிவுத்திறன் சோதனையின் ஐந்தாம் பதிப்பில் ஐந்து குறியெண்கள் உண்டு: மொழிவழிப் புரிதல், காட்சி-இடத் திறன், புதிய புதிரைத் தீர்க்கும் திறன், செய்துகொண்டே மனத்தில் வைத்திருக்கும் நினைவாற்றல், செயலாக்க வேகம். ஒவ்வொன்றுக்கும் சராசரி 100. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் இருப்பார்கள்.

மொழியில் 130, வேகத்தில் 95 என்று வைத்துக்கொள்வோம். 95 தனியாகப் பார்த்தால் குறையே இல்லை, சராசரிதான். ஆனால் நூறு பேரில் முதல் இரண்டு மூன்று பேரில் ஒருவனாக யோசிக்கும் தலை, நடுவரிசை வேகத்தில்தான் வெளியே கொட்ட முடிகிறது. அவன் எரிச்சலுக்குக் காரணம் இந்த 35 புள்ளி இடைவெளி. மொத்த எண்ணில் வேகமும் நினைவாற்றலும் சேர்வதால் அது அவன் யோசனைத் திறனைக் குறைத்துக் காட்டும். "பொதுத் திறன் குறியெண்ணையும் தனியாகக் கணக்கிட்டுத் தர முடியுமா?" என்று உளவியலாளரிடம் கேளுங்கள், அதில் அந்த இரண்டும் சேராது.

ஒரு எச்சரிக்கை. இடைவெளி இருப்பதாலேயே ஏடிஹெச்டி ஆகிவிடாது, இல்லாததாலேயே இல்லை என்றும் ஆகாது. வேகத்தை அளக்கும் சோதனை, எண்ணுக்குரிய குறியீட்டைப் பார்த்து எழுதுவது போன்ற இரண்டு நிமிட வேலைகள்தாம். அமைதியான அறை, எதிரே ஒரே ஆள், புதுசான வேலை என்றால் கவனக் குறைபாடு உள்ள பிள்ளையும் இரண்டு நிமிடம் தாக்குப்பிடிப்பான். "மூணு மணி நேரம் கேம் ஆடுறான், இவனுக்கா கவனம் இல்லை?" என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கவனம் அவனிடம் உண்டு. வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் அதை வைக்க முடிவதில்லை.

வீட்டில்

யோசிப்பதையும் எழுதுவதையும் பிரித்துவிடுங்கள். கட்டுரை எழுதச் சொன்னால், முதலில் போனில் பேசிப் பதிவு செய்யட்டும். பிறகு கேட்டுக்கேட்டு எழுதட்டும். என் கணிப்பில் மற்ற எல்லா உத்திகளையும்விட உடனே பலன் தருவது இது. தெரிந்த கணக்கு பத்து இருந்தால் ஐந்து போதும். வேலையைத் தொடங்கும் முதல் ஐந்து நிமிடம் கூட இருங்கள், பிறகு உங்கள் வேலையைப் பார்த்தபடி அதே அறையில் இருங்கள். நேரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேசையில் முள் கடிகாரம் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். "பல் தேய்ச்சு, பையை எடுத்து, டிபன் பாக்ஸைக் கழுவப் போட்டு" என்று அடுக்கினால் முதலாவது மட்டும்தான் போய்ச் சேரும். முடிக்காததற்குத் தண்டனையாக இம்போசிஷன் எழுத வைப்பது, எழுதவே சிரமப்படுகிறவனிடம் மேலும் எழுதச் சொல்வது. அதைப் பள்ளியிலும் நிறுத்தச் சொல்லுங்கள்.

மருந்து

மெத்தில்ஃபெனிடேட் மனம் நழுவும் இடைவெளிகளைக் குறைக்க உதவும். பல பிள்ளைகளிடம் முதல் சில நாட்களிலேயே மாற்றம் தெரியும். அட்டமோக்ஸெட்டினுக்குச் சில வாரங்கள் ஆகும். பசி குறைவதும் தூக்கம் தள்ளிப்போவதும் வழக்கமான பக்கவிளைவுகள். எடை, உயரம், ரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்க்க வேண்டும். கை எழுதும் வேகத்தை மருந்து மாற்றிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அளவு உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது.

பள்ளியில்

வகுப்பு ஆசிரியரிடம் மூன்றே மூன்று கேளுங்கள்: முன் வரிசை இடம், கரும்பலகையைப் போட்டோ எடுக்க அனுமதி, மாதத் தேர்வில் கூடுதல் நேரம். நீண்ட பட்டியலோடு போனால் ஒன்றும் நடக்காது.

பொதுத்தேர்வுச் சலுகைக்குச் சான்றிதழ் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்ட 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது; ஏடிஹெச்டி தனிப்பெயராக இல்லை. இரண்டும் சேர்ந்தே வருவது உண்டு என்பதால், மதிப்பீட்டின்போதே வாசிப்பு, எழுத்து, கணக்குக்கான கற்றல் குறைபாட்டுச் சோதனையையும் செய்யச் சொல்லுங்கள். சான்றிதழ் கிடைத்தால் சி.பி.எஸ்.இ.யில் மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். மாநிலப் பாடத்திட்டத்துக்கான நடைமுறையைத் தலைமை ஆசிரியரிடம் எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்திலோ கேட்டுவிடுங்கள். மதிப்பீடு, சான்றிதழ், பள்ளியின் பரிந்துரை என்று ஒவ்வொரு மேசையிலும் கோப்பு நிற்கும். பத்தாம் வகுப்பு ஜனவரியில் போய் நின்றால் தேர்வு முடிந்த பிறகுதான் கையெழுத்து விழும்.