தேரிக்குப் போக இதுதான் தோது
தை, மாசிக் குறிப்பு

பொங்கல் கழிந்துவிட்டது. வாடைக்காற்று இன்னும் அடங்கவில்லை. விடியற்காலையில் புன்னைக்காயல் முகத்துவாரத்தில் நின்றால் துண்டை இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தோன்றுகிறது. வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் மணப்பாடும் திருச்செந்தூரும் பார்த்து முடித்து, "அடுத்து எங்கே?" என்று கேட்கும் நேரம் இது. கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்புங்கள். காயாமொழிக்குப் பக்கத்தில் குதிரைமொழித் தேரி என்கிற செம்மணல் மேடு கிடக்கிறது. அதைப் பார்க்க மாசி முடியத்தான் சமயம். பங்குனி பிறந்தால் அடுத்த தை வரை மறந்துவிடலாம்.

காரணம் மணலிலேயே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேரி ஒரு சொட்டு விடாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும். இப்போது போய்க் கையால் தோண்டிப் பாருங்கள். மேலே காய்ந்த பொடிமணல்; ஒரு சாண் கீழே குங்குமத்தைக் குழைத்தது மாதிரி ஈரம். அந்த ஈரம் இருக்கும்வரை கால் அவ்வளவாகப் புதையாது, மணல் பறக்காது. ஆனி, ஆடியில் கதையே வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற கச்சான் காற்று மேட்டையே பெயர்த்து வைக்கும். காலையில் பார்த்த தடம் சாயங்காலம் இருக்காது. இப்படி அடித்த காற்றில் சேர்ந்த மணல்தான் இந்தத் தேரி முழுக்க. இரும்புச் சத்து துருவாகி ஒவ்வொரு பருக்கையின் மேலும் ஏறியிருப்பதால்தான் இந்தச் சிவப்பு.

ஒரு சித்திரையில் நான் பட்டதைச் சொல்கிறேன். தூத்துக்குடியிலிருந்து வந்த மைத்துனர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பதினொரு மணிக்குப் போய் இறங்கினேன். செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஓடிய சின்னவன் பத்தடி போவதற்குள் அலற ஆரம்பித்தான். அவனைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், காரின் பின்சக்கரம் அச்சு வரைக்கும் மணலுக்குள். பனையேறும் அண்ணாச்சி ஒருவர் வந்து, ஒரு வார்த்தை திட்டாமல், நாலு காய்ந்த ஓலையைச் சக்கரத்துக்குக் கீழே கொடுத்து ஏற்றிவிட்டார். அவர் திட்டியிருந்தாலும் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

ஆகவே முதலில் நாளைப் பாருங்கள். தைப்பூசத்தையும் அதற்கு முந்தின ரெண்டு மூன்று நாளையும் விட்டுவிடுங்கள். பாதயாத்திரைக் கூட்டம் திருச்செந்தூர் சாலையை அடைத்துக்கொண்டு நடக்கும்; பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. மாசித் திருவிழாத் தேரோட்டத்தன்றும் அப்படித்தான். டிசம்பர் நடுவில் கற்குவேல் அய்யனார் கோயில் கள்ளர்வெட்டுத் திருவிழாவைப் பார்த்துவிட்டு அப்படியே தேரியையும் பார்க்கலாமென்று சிலர் போவதுண்டு. கோயிலுக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். ஊர் பார்க்க மட்டும் வருகிறவர்களை அந்த மாதத்தில் கூப்பிடுவதை நான் நிறுத்திவிட்டேன். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதையும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிய எண்ணூறு பேரையும் யாரும் மறந்திருக்க முடியாது.

அடுத்தது நேரம். ஆத்தூர் வழியாக மெயின்ரோட்டைப் பிடித்து, திருச்செந்தூரிலிருந்து மேற்கே காயாமொழிப் பக்கம் திரும்ப வேண்டும். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் மணலில் நிற்கிற மாதிரி கிளம்புங்கள். பத்து மணிக்குத் திரும்பிவிட வேண்டும், தை மாதமானாலும் சரி. மாலையில் போவதானால் நாலரைக்கு மேல். அப்போது வெயில் சாய்ந்து மணல் செங்கல் நிறத்திலிருந்து ஈரல் நிறத்துக்கு மாறும். போட்டோ எடுப்பவர்களுக்கு அதுதான் வேண்டும். ஆனால் இருட்டுமுன் வெளியே வந்துவிடுங்கள். நாலு பக்கமும் ஒரே மாதிரி மேடு, ஒரே மாதிரி உடைமரம். வழி தப்ப அரை மணி போதும். செருப்பு மாட்டாமல் நடக்க வேண்டாம். உடைமுள் மணலுக்குள் மறைந்து கிடக்கும், சுருட்டை விரியனும் உண்டு. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். உள்ளே கடையும் கிடையாது, குழாயும் கிடையாது.

இது காப்புக்காடு. வனத்துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நுழைவது நல்லது. டிரோன் விடுவதானால் கேட்காமல் விடவே கூடாது. வண்டியைத் தார்ரோட்டிலேயே நிறுத்துங்கள்.

உள்ளே போனால் கீழே பார்த்து நடங்கள். காலை மணலில் மயில் நடந்த தடம், ஓணான் வால் இழுத்த கோடு எல்லாம் எழுதி வைத்தது போலத் தெரியும். கொல்லமா பூத்திருந்தால் வாசம் முன்னாலேயே வந்துவிடும். மழை அரித்த இடங்களில் விரல்நகம் அளவுக்குக் கூரான கல்சில்லு கிடைத்தால் எடுத்துப் பையில் போடாதீர்கள். கற்கால மனிதர்கள் செதுக்கிய நுண்கருவியாக இருக்கலாம். இந்த மாவட்டத்துத் தேரிகளில் கிடைத்தவற்றைப் பற்றி சாய்னர், ஆல்சின் இருவரும் 1956இலேயே எழுதியிருக்கிறார்கள். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அதற்கு மதிப்பு. திரும்பும்போது மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனையைப் பாருங்கள். இவ்வளவு காய்ந்த மணலுக்கு நடுவே தண்ணீர் எப்படி என்று குழந்தைகள் கேட்பார்கள். தேரி குடித்த மழைதான் தாழ்ந்த இடத்தில் ஊறி வருகிறது என்று சொல்லலாம்.

"நிஜப் பாலைவனமே பார்க்க வேண்டும்" என்பவர்களுக்கு ஜெய்சல்மேர் பக்கம் பாலைவன தேசியப் பூங்கா இருக்கிறது. 3,162 சதுர கிலோமீட்டர். அங்கேயும் இதுதான் பருவம். இரவுக் குளிர் நம் உடம்புக்குத் தாங்காது, கம்பளி வேண்டும். கானமயிலைப் பார்க்க நினைத்தால் பொறுமையும் வேண்டும். நமக்குப் பக்கத்திலுள்ள தேசியப் பூங்கா கடலுக்குள் இருக்கிறது: 1986இல் அறிவித்த மன்னார் வளைகுடா, 21 தீவுகள். வள்ளக்காரர் யாராவது தெரிந்தவர் என்று சொல்லி அனுமதியில்லாமல் காரியச்சல்லியிலோ வான்தீவிலோ இறங்கிவிடாதீர்கள். கேஸ் போட்டால் அவர் பிழைப்பு போகும்.

கருப்பட்டி வாங்குவதானால் இப்போது கிடைப்பது போன பருவத்துச் சரக்கு. புதுப் பதநீர் இறங்க இன்னும் நாளாகும். அரைக் கிலோ மட்டும் வாங்கி, மீதியைச் சித்திரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போகாதீர்கள். என்னுடையது மூன்று துவைப்புக்குப் பிறகும் காவி மாதிரிதான் இருக்கிறது.